ஆறு மணி மிஸ்கோல்

கொழும்புத்துறை விடிவெள்ளி முதியோர் சங்கத்தில், தனியே இருக்கும் அங்கத்தவர் எவரும் ஆளறியாமல் விழுந்து கிடக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் உண்டு. அதை எழுதியவர் செயலாளர் லூர்த்தம்மா. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவர். அவர் எழுதினால் எழுத்துப் பிழை வந்தாலும் வரும், கண்டிப்புக் குறையாது.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு சாவு. போன வருடம் மழைக்காலத்தில் அடைக்கலநாதன் மாஸ்டர் குளியலறையில் விழுந்து, நாலாம் நாள்தான் ஊருக்குத் தெரியவந்தது. நாலு நாளும் அவர் வீட்டு நாய் குரைத்தபடியே இருந்தது. நாய் என்றால் குரைக்கும்தானே என்று ஊரும் இருந்துவிட்டது. கனடாவிலிருந்து மூன்று மகன்மாரும் வந்தார்கள், செத்தவீட்டுக்கு மேலே கமரா பறக்கவிட்டுப் படம் பிடித்தார்கள், எட்டு நாளில் போய்விட்டார்கள். சங்கத்துக் கிழடுகளுக்குத்தான் அதன் பிறகு நித்திரை இல்லை. எல்லோர் வீட்டிலும் குளியலறை இருந்தது. எல்லோருடைய பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்தார்கள்.

லூர்த்தம்மாதான் வழி கண்டுபிடித்தார். தனியே இருப்பவர்கள் பதினொரு பேர். காலை ஆறு மணிக்குத் தலைவர் சிமியோன், அடுத்த அங்கத்தவரான ஜெனிற்றாவுக்கு ஒரு மிஸ்கோல் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு மணி, அடித்ததும் வெட்டிவிட வேண்டும். ஜெனிற்றா லூர்த்தம்மாவுக்கு, லூர்த்தம்மா றெஜினாவுக்கு என்று கைமாறிப் போய், பதினோராவது ஆள் திரும்பச் சிமியோனுக்கு அடித்தால் சுற்று முடிந்தது. பதினொரு பேரும் உயிரோடு எழும்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த இடத்தில் அறுகிறதோ அந்த வீட்டுக்கு உடனே ஆள் போக வேண்டும். எல்லோருடைய பட்டன் போனிலும் இரண்டாம் இலக்கத்தை அமர்த்திப் பிடித்தால் அடுத்த ஆளுக்குப் போகும்படி லூர்த்தம்மாவே செய்து கொடுத்தார். கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஜெனிற்றாவுக்கு, அந்த ஒரு பட்டனைத்தான் தடவிக் கண்டுபிடிக்கத் தெரியும்.

சட்டம் ஒன்றே ஒன்று. மணி அடித்தால் எடுக்கக் கூடாது.

பத்து மாதம் சுற்று அறாமல் ஓடியது. சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லிப் புகழ்ந்தார். உரும்பிராய் முதியோர் சங்கத்தில் இருந்து ஆறு பேர் வந்து பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள். விடியக் கண் முழித்ததும் தன்னை நினைத்து ஒரு சீவன் மணி அடிக்கிறது என்பது, தனியே கிடக்கிற மனிதருக்குச் சின்ன விஷயம் இல்லை. முழங்கால் நோவு என்று படுத்துக் கிடந்த றெஜினா கூடப் புதன், சனி தவறாமல் பங்கு மண்டபத்துக்கு வந்து பிளாஸ்ரிக் கதிரையைப் பிடித்துக்கொண்டு தேகாப்பியாசம் செய்யத் தொடங்கினார். ஆண்கள் சீட்டுக்கட்டோடு இருந்து முன்னூற்றிநாலு விளையாடிச் சண்டை பிடித்தார்கள். சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்ததே என்று பார்த்தவர்களுக்குச் சந்தோசம்.

ஜெனிற்றாதான் தொல்லை. எழுபத்திநாலு வயது. புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நண்டு துப்புரவாக்கும் வாடிக் கொட்டிலில் நின்று ஒரே மகளைப் பிரான்சுக்கு அனுப்பிய மனுசி. குரல் கோயில் மணி. அவருக்கு ஒரு மணியோடு வெட்டுகிற பழக்கம் வரவே இல்லை. லூர்த்தம்மா எடுக்கும்வரை அடிக்கவிட்டு, "லூர்த்து, ராத்திரி ஒரு கனவு கண்டனான்" என்று தொடங்குவார். கனவு முடிந்தால் மீன்குழம்பு, மீன்குழம்பு முடிந்தால் மகளின் மகன். லூர்த்தம்மாவும் முதலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது. ஆனால் ஒருநாள் கனவு நீண்டுபோய்ச் சுற்று அரை மணித்தியாலம் பிந்த, கடைசி வீட்டுக்கு ஆட்கள் ஓடிப்போய் வாசற் படலையை உடைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் உள்ளே இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம் மூன்றாம் கிழமை, புதன்கிழமைக் கூட்டத்தில் லூர்த்தம்மா எழும்பினார். கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் போட இருந்த சின்னக் கூத்துக்குப் பழகிக்கொண்டிருந்த நேரம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஜெனிற்றா ஒப்பாரி வைத்து முடித்து, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைதட்டல் லூர்த்தம்மாவுக்குக் கொஞ்சம் காதில் குத்தியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

"ஜெனிற்றாக்கா, உங்கடை பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனால் பத்து மாசமாய் ஒரு மிஸ்கோல் ஒழுங்காய்க் குடுக்கத் தெரியேல்லை. மிஸ்கோல் எண்டால் மிஸ்கோல். கதைக்கிறதெண்டால் கூட்டத்துக்கு வந்து கதைக்க வேணும். உங்களாலை பதினொரு பேற்றை உயிரோடை விளையாடேலாது."

ஜெனிற்றா வெள்ளை படர்ந்த கண்ணால் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"நீ சங்கமோ நடத்திறாய், பொலிஸ் ஸ்ரேசனோ நடத்திறாய் லூர்த்து? விடியக்காலமை வேறை ஆரோடை நான் கதைக்கிறது? சுவரோடையோ?"

"ஆரோடையும் கதையுங்கோ. இனி உங்கடை கோல் வந்தால் நான் எடுக்க மாட்டன். எத்தினை தரம் அடிச்சாலும் எடுக்க மாட்டன். இது எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

சொன்னதோடு நிற்காமல் கூட்டக் குறிப்பிலும் எழுதினார். ஜெனிற்றா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் வியாழன் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு மணி அடித்து நின்றது. லூர்த்தம்மாவுக்கு வெற்றி. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவருக்கு, முயலே வந்து மூன்று கால்தான் என்று ஒப்புக்கொண்டது போல இருந்தது. றெஜினாவுக்கு அடித்துவிட்டுப் பூசைக்குப் போனார்.

அன்று பின்னேரம் நாலு மணிபோல போன் அடித்தது. ஜெனிற்றா. லூர்த்தம்மா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. இரண்டு நிமிடத்தில் திரும்ப அடித்தது. திரும்பவும் அடித்தது.

"வாறா வழிக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார், அதுவும் ரெலிபோனில், சட்டத்தை மீறி. கேட்கிறதென்றால் நேரில் வந்து கேட்கட்டும். மேசையில் கிடந்து போன் நடுங்கியது. வெளியே வாடைக்காற்று பனையோலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மழை பிடிக்கப் போகிற இருட்டு. ஆறு மணிக்குள் ஒன்பது தரம் அடித்தது. ஒன்பதாம் தரம் லூர்த்தம்மாவின் கை போனுக்குக் கிட்டப் போனதும் உண்மை. எடுத்தால், "என்ன லூர்த்து, எடுக்க மாட்டன் எண்டாய்?" என்று சனிக்கிழமை கூட்டத்தில் வைத்துச் சிரிக்கக்கூடிய ஆள்தான் ஜெனிற்றா. கை திரும்பி வந்தது. போனைக் கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அடித்தது. ஒரு மணி இல்லை, முழுவதும் அடித்தது. சண்டித்தனம் என்று லூர்த்தம்மா நினைத்தார். ஆனால் அழைப்பு வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறது. சுற்றுக்கு வேண்டியது அவ்வளவுதான். றெஜினாவுக்கு அடித்துவிட்டுப் போனைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். பகல் முழுக்க மழைக்கு நடுவில் அவ்வப்போது அலுமாரிக்குள் மணி கேட்டது. மத்தியானம் ஒருதரம், பின்னேரம் இரண்டு தரம், செபமாலை சொல்லும்போது ஒருதரம். அவர் செபத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

சனி காலை ஆறு மணிக்கு ஒரே மணி. உடனே நின்றது. பிறகு சத்தமே இல்லை.

"இண்டைக்குத் திரும்பவும் ஒழுங்காய் அடிச்சிருக்கிறா" என்றார் லூர்த்தம்மா, கேட்க ஆள் இல்லாத வீட்டில்.

ஏழு மணிக்குப் பேக்கரியில் இருந்து பாண்கார கிறிஸ்ரோபரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஒழுங்கை முகப்பில் நின்றது. லூர்த்தம்மா கால் றாத்தல் பாண் வாங்கினார். மீதிக் காசு தேடியபடி அவன் கேட்டான்.

"உங்கடை கூத்து எப்ப அம்மா? ஜெனிற்றாம்மா நல்ல மும்முரம் போலை. நேற்று நான் உந்தக் கரையொழுங்கையாலை போகேக்கை ஒரே ஒப்பாரி. நான் ஹோண் அடிச்சுப் பார்த்தன், படலை திறக்கேல்லை. பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்துது. உந்த மழையுக்கையும் அந்தக் குரலைப் பாருங்கோவன்."

லூர்த்தம்மாவுக்குச் சுரீர் என்றது. இங்கே ஒரு ஆளின் மனம் நொந்து கிடக்க, அங்கே அவர் கைதட்டலுக்குப் பழகிக்கொண்டு இருக்கிறாராக்கும். பாணை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஆனால் பாணைப் பிய்க்காமலே மேசையில் வைத்துவிட்டார். ஏன் வைத்தார் என்று அவர் தன்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அப்போதே செருப்பைக் கொழுவிக்கொண்டு அங்கே போயிருப்பார்.

ஜெனிற்றாவின் வீடு கடலோரம் கடைசி ஒழுங்கையில். மகள் அனுப்பிய காசில் ஆள் உயரத்துக்கு மேலே மதில், பெரிய இரும்புப் படலை. வலப்பக்கத்து வீட்டார் லண்டனில், இடப்பக்கத்து வீட்டார் சுவிசில். இரண்டு வீட்டுக்கும் பூட்டுப் போட்டு ஆறேழு வருடம். அந்த ஒழுங்கையில் ஒரு மனுசர் கத்தினால் நாய்க்கும் காகத்துக்கும்தான் கேட்கும்.

சனிக்கிழமை பின்னேரக் கூட்டத்துக்கு மழையோடு மழையாக எட்டுப் பேர் வந்தார்கள். ஜெனிற்றாவின் கதிரை காலி.

"ஜெனிற்றாக்கா எங்கை?" என்றார் றெஜினா.

"கோவம். காலமை மிஸ்கோல் வந்தது. ஆள் நல்லா இருக்கிறா."

சிமியோன் இடுப்புச் சாரத்தின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். எழுபத்தாறு வயது, ஒரு காலத்தில் மயிலிட்டிக் கரை வரைக்கும் போய்த் தொழில் செய்த ஆள். கதைக்க முதல் நாலு தரம் யோசிக்கிற சுபாவம்.

"இல்லை லூர்த்து, ஒண்டு சொல்ல வேணும். இண்டைக்குக் காலமை நான் அவவுக்கு அடிக்க, அவ எடுத்துப்போட்டா."

"எடுத்தவவோ? என்ன கதைச்சவ?"

"தெரியாது. நான் உடனை வெட்டிப்போட்டன். சட்டமெல்லே. ஆனால் வெட்ட முதல் ஒரு சத்தம் கேட்டது. கதை இல்லை. மூச்சு இழுக்கிற மாதிரி. மழைச் சத்தமாக்கும் எண்டு விட்டிட்டன். நாள் முழுக்க அது காதுக்கையே நிக்குது. ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வருவமோ?"

எட்டுப் பேரும் லூர்த்தம்மாவைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை ஒன்பது தரம் அடித்ததும், வெள்ளி முழுக்க அலுமாரிக்குள் அடித்ததும், பாண்காரன் சொன்ன ஒப்பாரியும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் வந்து நின்றன. வாயைத் திறந்தால் அதையெல்லாம் சொல்ல வேண்டி வரும். எட்டுப் பேருக்கு முன்னால், புதன்கிழமை அப்படிக் கத்தியவர் சொல்ல வேண்டி வரும்.

"சுற்று அறேல்லை" என்றார். "அறாத சுற்றுக்கு ஆள் அனுப்பச் சட்டத்திலை இடமில்லை. ஒவ்வொருத்தற்றை கோவத்துக்கும் நாங்கள் படலையைத் தட்டிக்கொண்டு திரியேலாது. நாளைக்குப் பூசை முடிய நான் போய்ப் பாக்கிறன்."

சிமியோன் தலையாட்டினார். செயலாளர் சொன்னால் தலைவர் தலையாட்டுவதுதான் அந்தச் சங்கத்து வழக்கம். மழை வலுத்தது. ஆளுக்கொரு குடையில் கலைந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லூர்த்தம்மா ஐந்து மணிக்கே எழும்பி, போனை அலுமாரியில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஆறு ஆனது. சிமியோன் அடித்திருப்பார். ஆறு மூன்று. ஆறு ஐந்து. "முழுக்க அடியுங்கோ அக்கா, நான் எடுக்கிறன்" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆறு ஏழுக்கு, பத்து மாதத்தில் முதல்தரமாக, அவர் ஜெனிற்றாவின் இலக்கத்துக்கு அடித்தார். அந்தப் பக்கம் மணி போனது. போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது. இன்னொருக்கா அடித்தார். எடுக்க ஆளில்லாத மணியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்பும் போடாமல் வெள்ளத்துக்குள் இறங்கி ஓடினார்.

மனம் கேளாத சிமியோன் அவருக்கு முன்னமே ஜெனிற்றாவின் வீட்டுக்கு வந்து படலையைத் தட்டிக்கொண்டு நின்றார். உள்பக்கம் பூட்டு. மணி வராததால் தேடி வந்த றெஜினா போய்ப் பாண்காரனை மறித்துக் கூட்டிவந்தார். கிறிஸ்ரோபர் மதிலேறிக் குதித்தான். பிறகு அவன் "ஐயோ அம்மா" என்றது மட்டும் கேட்டது. படலையைத் திறக்க அவனுக்கு வெகுநேரம் எடுத்தது.

அடுப்படிக் குசினிக்கும் பின்விறாந்தைக்கும் இடையில் நிலையோரம் ஜெனிற்றா கிடந்தார். இடதுகால் பிழையான பக்கம் திரும்பி இருந்தது. கூரையால் ஒழுகிய மழைநீர் அவர் தலைமாட்டில் கட்டி நின்றது. அதைக் கையால் அள்ளிக் குடித்திருக்க வேண்டும், முன்கைச் சட்டை ஊறிப் போயிருந்தது. போன் வலது கைக்குள். பெருவிரல் பட்டனுக்கு மேலேயே விறைத்திருந்தது. லூர்த்தம்மா குனிந்து அந்த விரலை எடுக்கப் பார்த்தார், எடுக்க முடியவில்லை. சிமியோன் அவரைத் தோளில் பிடித்து இழுத்து வெளியே விட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்ரர் சின்ன வயசுப் பெடியன். திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு அவன் சொன்னதை, பக்கத்தில் நின்ற லூர்த்தம்மாவும் கேட்டார். வியாழன் பின்னேரம் விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு உடைவு, சனி இரவுதான் உயிர் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்திருந்தால் தப்பியிருப்பார்.

"ஆருக்கும் கோல் எடுத்தவவோ?" என்று அதிகாரி பொதுவாகக் கேட்டார்.

"எங்கடை சுற்றிலை காலமை மிஸ்கோல் வந்தது" என்றார் சிமியோன். அதிகாரிக்கு அது விளங்கவில்லை. எழுதாமல் விட்டுவிட்டார்.

மகள் வசந்தினி புதன்கிழமை வந்து இறங்கினாள். வியாழன் சேமக்காலையில் அடக்கம். சங்கம் பூவளையம் வைத்தது. கூத்துக்குப் பழகிய பெண்கள் பாட வாயெடுத்து, பாட முடியாமல் நிறுத்தினார்கள். லூர்த்தம்மா ஒருவரோடும் பேசவில்லை. வயது போனவர், கூட்டாளி போய்விட்ட துக்கம் என்று ஊர் அவருக்காகவும் இரங்கியது. அந்த இரக்கம் அவருக்கு மேலெல்லாம் சுட்டது.

அடக்கம் முடிந்து முற்றத்தில் தகரப்பந்தலுக்குக் கீழே எல்லோரும் இருந்தார்கள். பிளேன்ரீ கொடுத்துக்கொண்டு வந்த வசந்தினி, தட்டை றெஜினாவிடம் கொடுத்துவிட்டு லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நாற்பது வயதிருக்கும். முகம் அழுது வீங்கியிருந்தது. கையில் தாயின் பட்டன் போன்.

"அன்ரி, நான் ஞாயிறு ஞாயிறுதான் அம்மாவுக்குக் கோல் எடுக்கிறனான். அவ விழ முதல் வந்த ஞாயிறு நான் எடுக்கேல்லை. டபிள் டியூட்டி, படுத்திட்டன். அது என்னைத் தின்னுது அன்ரி."

லூர்த்தம்மா அவள் கையைப் பிடித்தார்.

"ராத்திரி உந்தப் போனைத் திறந்து பார்த்தனான். அம்மா எடுத்த கோல் முழுக்க உங்கடை பேர்தான். இருபது கிடக்கு. இருபதுக்கு மேலை உதிலை நிக்காதாம். அப்ப அதைவிடவும் கூட எடுத்திருப்பா. பார்த்த உடனை எனக்கு அரைவாசி உயிர் வந்தது. விழுந்து கிடந்தும் அவ தனிய இருக்கேல்லை, கடைசி மட்டும் உங்களோடை கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா." அவள் குரல் உடைந்தது. "விழுந்ததை ஏன் உங்களிட்டைச் சொல்லாமல் விட்டவவோ தெரியாது, கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு நினைச்சிருப்பா. என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ அன்ரி? என்ன கதைச்சவ?"

சிமியோன் நிலத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற றெஜினா குனிந்து லூர்த்தம்மாவின் காதுக்குள், "உனக்காகச் செபிச்சவ எண்டு சொல்லுங்கோ லூர்த்தக்கா. பிள்ளை பாவம், ஆறுதலாய்ப் போகட்டும்" என்றார்.

சொல்லியிருக்கலாம். நல்ல பொய், ஒருவரும் மறுக்கப் போவதில்லை. அந்தப் பிள்ளையும் பிழைத்துக்கொள்ளும், லூர்த்தம்மாவும் பிழைத்துக்கொள்வார். வாய் அதற்குத் திறந்தும்விட்டது. வசந்தினி தாயின் கண்ணைப் போலவே பெரிய கண்ணால், ஒரு சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை" என்றார் லூர்த்தம்மா. "நான் எடுக்கேல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. "எதை அன்ரி எடுக்கேல்லை?"

"ஒண்டையும்."